வரைபடத்தில் பச்சை

என் வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். தெருத்தெருவாகப் போய், அங்கே இணையம் எவ்வளவு வேகமாக வருகிறது என்று அளந்துவிட்டு வருவது. கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். அப்புறம், "இதுக்குமா சம்பளம் குடுக்கறாங்க?" என்பார்கள். கொடுக்கிறார்கள். பதினொரு வருடமாக வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

நாட்டில் ஒரு வீடு பாக்கியில்லாமல் அதிவேக இணையம் என்று அரசாங்கம் அறிவித்த பிறகுதான் எங்கள் துறைக்குக் கொஞ்சம் மவுசு வந்தது. அதுவரை நாங்கள் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். திட்டம் வந்ததும் ஜன்னல் வைத்த அறை கிடைத்தது, வண்டி கிடைத்தது, வண்டிக்கு மேல் ஒரு வட்டத் தட்டு ஆன்டெனாவும் கிடைத்தது. மாவட்டம் முழுவதற்கும் அளக்கிற ஆள் நான் ஒருவன்தான்.

திட்டத்தின் உயிர் ஒரு வரைபடத்தில் இருந்தது. ஒரு தெருவில் மூன்று வீடுகளில் அளக்க வேண்டும். நொடிக்கு ஐம்பது மெகாபிட் வந்தால் வரைபடத்தில் அந்தத் தெரு பச்சை. வராவிட்டால் வெள்ளை. வெள்ளைத் தெருவுக்கு அரசாங்கம் தன் செலவில் புதுக் கேபிள் இழுத்துக் கொடுக்கும். பச்சைத் தெருவுக்கு ஒன்றும் கிடையாது. அவர்களுக்குத்தான் ஏற்கெனவே எல்லாம் இருக்கிறதே. ஆக, நான் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பொத்தானை அழுத்துவதில் ஒரு தெருவின் தலையெழுத்து இருந்தது. நான் அப்படியெல்லாம் நினைத்து அழுத்தியதில்லை. அடுத்த தெருவுக்குப் போக வேண்டுமே என்று நினைத்துத்தான் அழுத்தினேன்.

முன்பெல்லாம் அளந்த எண் திரையிலேயே தெரியும். அதைப் பார்த்துச் சில ஊழியர்கள் கைவைத்துவிட்டார்களாம். நாற்பத்தெட்டு ஐம்பத்திரண்டாகியிருக்கிறது. உடனே தலைமையகம் புது மென்பொருள் கொண்டுவந்தது. அதில் எண் தெரியாது. அளவீடு பதிவாகிவிட்டது என்பதற்கு ஒரு டிக் மட்டும் வரும். என்ன பதிவானது என்பது தலைமையகத்துக்கே வெளிச்சம். கூடவே இன்னொரு வசதியும் வைத்தார்கள்: பக்கத்தில் எந்த இணைப்பு பலமாக இருக்கிறதோ அதை மென்பொருள் தானாகவே பிடித்துக்கொள்ளும். எங்களுக்குக் கை வலிக்கக் கூடாது என்ற நல்லெண்ணம்.

அதே சமயத்தில் வேறொரு மாவட்டத்தில் ஒரு லேப்டாப் திருட்டுப் போனது. அதனால் ஒரு சுற்றறிக்கை வந்தது. அளக்கிற வீட்டின் வாசலிலேயே வண்டியை நிறுத்த வேண்டும், ஓட்டுநர் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. எங்கள் ஓட்டுநர் அண்ணன் இந்த விதியை உயிராக மதித்தார். இறங்காமல் தூங்குவதற்கு அரசாங்கமே எழுத்துப்பூர்வமாக அனுமதி கொடுத்தால் யார்தான் மதிக்க மாட்டார்கள்.

அந்த வருடம் எங்கள் மாவட்டம் பச்சைத் தெருக்களின் எண்ணிக்கையில் நாட்டிலேயே இரண்டாவதாக வந்தது. 'சீரான சேவை' என்று பாராட்டி ஒரு கேடயம் அனுப்பினார்கள். எங்கள் மேலதிகாரி அதைத் தன் மேஜையில், நாற்காலியில் உட்காருகிறவரின் கண்ணில் படுகிற கோணத்தில் வைத்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கால்புள்ளி. எந்தக் கோப்பு போனாலும் எங்காவது ஒரு கால்புள்ளி சேர்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். படித்துப் பார்த்தேன் என்பதற்கு அதுதான் அத்தாட்சியாம்.

வரைபடம் வெளியான மறுநாள் காலை அக்கா போனில் கூப்பிட்டாள்.

"டேய், எங்க தெரு பச்சையா இருக்குடா."

"சரி, நல்லதுதானே."

"என்ன நல்லது? இங்க ஒரு படம் தொறக்கறதுக்குள்ள நான் பாத்திரம் கழுவிட்டு வந்துடறேன். அளந்தது யாருன்னு கீழ போட்டிருக்கு. உன் பேர்தான் போட்டிருக்கு."

அவள் தெருவை நான்தான் அளந்தேன். சொந்தக்காரர் வீட்டில் அளக்கக் கூடாது என்பது விதி, அதனால் அவள் வீட்டை விட்டுவிட்டு அக்கம்பக்கத்து மூன்று வீடுகளில் அளந்தேன். அன்றைக்கு அவள் வீட்டில் டீ குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

அக்காவுக்கு அந்த இணைப்பு ஏன் வேண்டும் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மாமா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கட்டடத்தில் மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. "இருவது வருஷம் மேலயும் கீழயும் போயிட்டு வந்தேன். ஒரே ஒரு தடவதான் லிஃப்ட் இல்லாம கீழ போனேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். சிரிக்காவிட்டால் கோபம் வரும். முதுகில் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். ஆகவே அக்காவால் எந்த வேலைக்கும் வெளியே போக முடியாது. மருந்துச் செலவு என் சம்பளத்திலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. காய்கறி வாங்கப் போவதென்றாலும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் போவாள்.

இந்த நிலைமையில்தான், இணையத் திட்டத்தின் உதவி மையத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்ய ஆள் எடுத்தார்கள். மக்கள் போன் செய்து கேட்கிற சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். அக்கா தேர்வு எழுதினாள். எண்ணூறு பேரில் ஆறாவதாக வந்தாள். ஒரே ஒரு நிபந்தனை: வீட்டில் ஐம்பது மெகாபிட் இணைப்பு இருக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் அதைக் காட்டாவிட்டால் அந்த வேலை ஏழாவதாக வந்தவருக்குப் போய்விடும். அவள் தெருவில் இருந்தது பழைய போன் கம்பியில் வருகிற நான்கு மெகாபிட். தெரு வெள்ளையாக வரும், கேபிள் வரும், வேலையில் சேரலாம் என்று அவள் வரைபடத்துக்காகக் காத்திருந்தாள். தம்பி வந்து பச்சை அடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

அன்று மதியமே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். விதியைத் தூக்கிப் போட்டுவிட்டு அவள் வீட்டு முன்னறையிலேயே உட்கார்ந்தேன். மாமா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பொத்தானை அழுத்தினேன். அளவீடு பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது வெளியே ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. வழி விடுவதற்காக ஓட்டுநர் அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனார். என் திரையில் 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று வந்தது.

அக்கா வீட்டு மோடத்தைப் பார்த்தேன். அதன் விளக்குகள் எல்லாம் ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தன.

லாரி போனது. வண்டி திரும்பி வந்து வாசலில் நின்றது. திரையில் அளவீடு விட்ட இடத்திலிருந்து ஓடி முடிந்து, டிக் விழுந்தது.

"இன்னொரு தடவ அண்ணன போகச் சொல்லு" என்றாள் அக்கா.

போகச் சொன்னேன். துண்டித்தது. வரச் சொன்னேன். வந்தது. மூன்றாவது தடவை மாமாவே, "போதும்பா, டீசல் வீணாவுது. உங்க மிஷினு உங்க வண்டியத்தான் அளக்குது" என்றார்.

மென்பொருளின் அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தேன். சந்தேகமேயில்லை. அளவீடுகளைத் தலைமையகத்துக்கு அனுப்புவதற்காக வண்டியின் தலையில் வைத்திருந்த ஆன்டெனாதான் சுற்றுவட்டாரத்திலேயே பலமான இணைப்பு. மென்பொருள் அதைப் பிடித்துக்கொண்டு அதையே அளந்திருக்கிறது. வண்டி வாசலில் நிற்கிற வரை எந்த வீட்டில் அளந்தாலும் ஒரே விடைதான். சீரான சேவை.

அக்கா தெரு மட்டும் இல்லை. புது மென்பொருள் வந்த பிறகு நான் அளந்த எல்லாத் தெருக்களும் வரிசையாக நினைவுக்கு வந்தன.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள், கேட்கவில்லை. "எங்க தெருவ மாத்திடுவ இல்ல?" என்று மட்டும் கேட்டாள். மாற்றிவிடுகிறேன் என்றேன்.

மறுநாள் கால்புள்ளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவர் தன் கையால் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை.

"புது மென்பொருள்ல நீங்க எத்தன தெரு அளந்திருக்கீங்க?"

"நூத்தி நாப்பத்தி மூணு சார்."

"எல்லாமே பச்சையா?"

"எல்லாமே."

"அது எப்படி எல்லாமே பச்சையா வரும்னு உங்களுக்குத் தோணலியா?"

"உங்களுக்குத் தோணலியா சார்?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேடயத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

அப்புறம் அவர் மிகவும் பொறுமையாக, ஒரு நல்ல வாத்தியார் மாதிரி எனக்கு விளக்கினார். ஒரு தெரு தவறாகப் பதிவாகியிருந்தால் அதன் பெயர் எழுத்தர் பிழை. அதை அவரே திருத்தலாம், ஒரு கையெழுத்துப் போதும். கேபிள் போடுகிற குழு இந்த மாதம் முழுக்க அக்கா வீட்டுக்குப் பக்கத்துப் பெரிய சாலையில்தான் இருக்கிறது. சொன்னால் பத்து நாளில் உள்ளே இழுத்துவிடுவார்கள். ஆனால் நூற்று நாற்பத்து மூன்று தெருக்கள் தவறு என்றால் அதன் பெயர் எழுத்தர் பிழை இல்லை. தலைமையகத்துக்குப் போகும், விசாரணை வரும், முடியும் வரை மாவட்டத்தில் ஒரு அடி கேபிள் போட விட மாட்டார்கள். ஒன்றரை வருடம் ஆகலாம். அக்கா தெருவும் அந்த வரிசையில்தான் நிற்கும்.

"உங்க அக்காவுக்கு மாசக் கடைசிதானே கெடு?" என்றார்.

நான் சொல்லியிருக்கவில்லை. ஓட்டுநர் அண்ணன் சொல்லியிருக்க வேண்டும். இறங்காமலே எல்லாம் தெரிந்துகொள்வார்.

"எத்தன தெருன்னு நீங்களே எழுதிக் குடுங்க" என்று ஒரு தாளை நகர்த்தினார்.

ஒரு தெரு என்று எழுதிக் கொடுத்தேன். இதில் நான் ரொம்ப நேரம் தவித்தேன், போராடினேன் என்றெல்லாம் சொல்லிக்கொள்ள ஆசைதான். பேனா எடுத்து எழுதி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் 'அந்தத் தெருவில்' என்பதற்குப் பின்னால் ஒரு கால்புள்ளி போட்டுக் கையெழுத்திட்டார்.

ஒன்பதாவது நாள் கேபிள் வந்தது. பதினோராவது நாள் அக்கா வேலையில் சேர்ந்தாள். பின்னறையில் துணி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மேஜை போட்டு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் இடைவேளை கொடுத்தார்கள். மாமாவைத் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு, தண்ணீர் கொடுத்துவிட்டு வந்து உட்கார அது கச்சிதமாகச் சரியாக இருந்தது. "எனக்காகவே செஞ்ச வேலைடா இது" என்றாள். முதல் சம்பளத்தில் மாமாவுக்குக் காற்று நிரப்பிய மெத்தை வாங்கினாள். அவர் அதில் படுத்துக்கொண்டு, "கப்பல்ல போற மாதிரி இருக்கு, எங்க எறக்கி விடுவீங்க?" என்று கேட்டார். அந்த வாரம் அந்த வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம். நானும்தான்.

சனிக்கிழமைகளில் நான் அங்கே போய்விடுவேன். மாமாவுடன் சீட்டு ஆடிக்கொண்டிருக்கும்போது சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்கும். வீட்டில் பேசுகிற குரல் இல்லை, துவைத்து இஸ்திரி போட்ட குரல். எழுதிக் கொடுத்த வாக்கியத்தைத்தான் பேச வேண்டும்.

"எங்க பதிவின்படி உங்க தெருவுக்கு அதிவேக இணைப்பு இருக்குங்க. மேற்கொண்டு உங்க பகுதி நிறுவனத்த தொடர்பு கொள்ளுங்க. அழைத்ததற்கு நன்றி."

ஒரு சனிக்கிழமை, ஒரு மணி நேரத்தில் இதை ஒன்பது தடவை சொன்னாள். பத்தாவது தடவை மாமா சீட்டைக் கீழே வைத்துவிட்டார். "ஏம்ப்பா, இருக்குங்கறவன் எதுக்குப் போன் பண்றான்?" என்று கேட்டார். நான் சீட்டைக் கலைத்துப் போட்டேன்.

அவளுடைய வேலையில் ஒரு விதி இருந்தது. போன் செய்கிறவர் தன் வாயால் 'மறு அளவீடு வேண்டும்' என்று கேட்டால், அந்தக் கோரிக்கையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். ஒரு மாவட்டத்திலிருந்து நாற்பது தெருக்களுக்கு அப்படிக் கோரிக்கை வந்துவிட்டால் தலைமையகமே நேரடியாக ஆள் அனுப்பும். ஆனால் அப்படி ஒன்றைக் கேட்கலாம் என்று பதில் சொல்கிறவர் எடுத்துக்கொடுக்கக் கூடாது. எடுத்துக்கொடுத்தால் வேலை போகும். பேச்சு எல்லாம் பதிவாகும். மறு அளவீடு என்ற சொல் எந்த விளம்பரத்திலும் இல்லை, ஆகவே மாதத்துக்கு ஒருவர் கேட்டால் அதிகம். அந்த ஒருவரும் பெரும்பாலும் ஓய்வுபெற்ற அரசு ஊழியராக இருப்பார்.

அவள் சேர்ந்து ஆறாவது வாரம், திங்கட்கிழமை காலையில் என் மேஜைக்குப் பதினான்கு மறு அளவீட்டுக் கோரிக்கைகள் வந்திருந்தன. பதினான்கும் என் தெருக்கள். பதிவு செய்தவர் என்ற இடத்தில் பதினான்கிலும் ஒரே பணியாளர் எண் இருந்தது. அது அக்காவின் எண். அன்று சாயங்காலம் நேராக அவள் வீட்டுக்குப் போனேன்.

அவள் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். நான் வாய் திறப்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"ஒரு மாட்டு டாக்டர்டா. எக்ஸ்ரே படத்த பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப நாப்பது நிமிஷம் ஆகுதாம். நாலு தடவ போன் பண்ணிட்டார். நாலு தடவயும் நான்தான் எடுத்தேன். உங்களுக்கு இணைப்பு இருக்குங்கன்னு நாலு தடவ வாய் கூசாம சொன்னேன். நாலாவது தடவ அவர், 'அம்மா, உங்க மேல எனக்கு ஒண்ணும் கோபம் இல்ல, உங்களுக்கு என்ன எழுதிக் குடுத்திருக்காங்களோ அததான சொல்ல முடியும்'னார். திட்டியிருந்தா பேசாம இருந்திருப்பேன்."

"அதனால எடுத்துக்குடுத்துட்டியா?"

"மறு அளவீடு வேணும்னு சொல்லுங்க, நான் பதிவு பண்ணியாகணும்னு சொன்னேன். அவருக்குச் சொன்னப்புறம் அடுத்த ஆளுக்குச் சொல்லாம எப்படி இருக்கறது?"

"பேசறதெல்லாம் பதிவாகுதுக்கா. கண்டுபிடிச்சிடுவாங்க."

"தெரியும்." அடுப்பை அணைத்தாள். "எத்தன தெருடா?"

பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை. "நூத்தி நாப்பத்தி மூணு. உன் தெருவையும் சேத்து."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "அன்னிக்கு வண்டி போய்ப் போய் வந்தப்பவே எனக்குத் தெரியும்டா. உன் மூஞ்சியப் பாத்தேன். கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கேட்டா என் தெரு தள்ளிப் போயிடுமோன்னு கேக்கல. நீ மட்டும் செஞ்ச தப்பில்ல இது."

"நீ நிறுத்திடு. நான் தலைமையகத்துக்கு எழுதறேன். திங்கக்கிழம எழுதிடறேன்."

"இன்னிக்குத்தான் திங்கக்கிழம" என்றார் மாமா, முன்னறையிலிருந்து.

அடுத்த திங்கட்கிழமை உண்மையாகவே எழுதினேன். வீட்டுக் கணினியில், மின்னஞ்சலாக, இரண்டு பக்கம், ஒரு கால்புள்ளிகூட மிச்சம் வைக்காமல். நூற்று நாற்பத்து மூன்று தெருக்களின் பட்டியலையும் இணைத்தேன். அனுப்புகிற பொத்தானில் சுட்டியை வைத்துக்கொண்டு, பதினொரு வருட வேலை என்று நினைத்தேன். பொத்தான்களை யோசிக்காமல் அழுத்துவதையே தொழிலாகக் கொண்டவன் அந்த ஒரு பொத்தானை மட்டும் யோசித்தேன். நாளைக்கு இன்னொரு முறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று மூடிவைத்தேன். மறுநாளும் படித்துப் பார்த்தேன். அதற்கடுத்த நாளும்.

அக்கா நிறுத்தவில்லை. நான் அனுப்பியிருந்தால் நிறுத்தியிருப்பாள். ஒவ்வொரு நாளும் ஐந்தாறு கோரிக்கைகள் வந்தன. கால்புள்ளி அவற்றை ஒரு கோப்பில் போட்டு, கோப்பின் மேல் கேடயத்தை வைத்தார். நாற்பது தாண்டிய அன்று அவர் மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டார். மொத்தம் அறுபத்தொரு தெரு சேர்ந்தபோது ஒருநாள் காலையில் அக்காவின் திரை திறக்கவில்லை. கடவுச்சொல் செல்லாது என்று வந்தது. அவள் தட்டியதில்தான் தவறோ என்று ஐந்து தடவை தட்டிப் பார்த்திருக்கிறாள்.

தலைமையகத்திலிருந்து நான்கு பேர் வந்தார்கள். முதல் தெருவிலேயே வண்டியைத் தூரத்தில் நிறுத்தச் சொல்லி அளந்தார்கள். மூன்று மெகாபிட்தான் வந்தது. இரண்டு நாளில் எல்லாம் புரிந்துபோனது. நூற்று நாற்பத்து இரண்டு தெருக்களையும் மறுபடி அளப்பது, அதுவரை எல்லாவற்றையும் வெள்ளையாக வைப்பது என்று முடிவானது. அவர்கள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டபோது நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மென்பொருள் எந்த இணைப்பைப் பிடித்தது என்பது உங்களுக்குத் திரையில் தெரியுமா என்று கேட்டார்கள். தானாகத் தெரியாது, அமைப்புகளுக்குள் போனால்தான் தெரியும் என்றேன். அது உண்மை. வேறொன்றும் கேட்கவில்லை.

அறிக்கை வந்த அன்று கால்புள்ளி என்னை அழைத்து அதை என் பக்கம் தள்ளினார். மென்பொருளின் தேர்வு முறையில் குறைபாடு என்று எழுதியிருந்தது. களப் பணியாளர்கள்மீது தவறில்லை. மறு அளவீட்டுக் குழுவுக்கு, அனுபவம் கருதி, என்னையே தலைவராகப் போட்டிருந்தார்கள்.

"ஏழாவது பக்கத்தையும் படிங்க" என்றார் கால்புள்ளி.

ஏழாவது பக்கத்தில் உதவி மையப் பணியாளர் ஒருவரைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. விதியை மீறி அழைப்பாளர்களுக்கு எடுத்துக்கொடுத்திருக்கிறார். இந்தத் தெருக்களின் பதிவு தவறு என்று துறை ஊழியர் யாராவது அவருக்குச் சொன்னார்களா என்று மூன்று முறை கேட்கப்பட்டது. சொல்லியிருந்தால், விதி பன்னிரண்டின்படி அவர் தகவல் தெரிவித்தவராகக் கருதப்பட்டுப் பணியில் தொடரலாம் என்பதும், மறைத்த ஊழியர்மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்பதும் அவருக்கு விளக்கப்பட்டன. யாரும் சொல்லவில்லை, போன் செய்தவர்கள் பேசியதை வைத்துத் தானே யூகித்ததாக மூன்று முறையும் சொன்னார். ஆகவே பணிநீக்கம்.

"எழுத்தர் பிழைன்னு நான் போட்ட கையெழுத்தையும் அவங்க யாரும் எடுத்துப் பாக்கல" என்றார் கால்புள்ளி. "பெரிய மனசு உங்க அக்காவுக்கு." அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா தூங்கிக்கொண்டிருந்தார். அவள் பின்னறை மேஜையில் அமர்ந்து வேறு வேலைகளுக்கான விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கங்கள் தொட்டதும் திறந்தன. அந்தத் தெருவில் இணைப்பு அருமையாக இருந்தது.

நின்றுகொண்டே கேட்டேன். "ஏன்க்கா சொல்லல? என் பேரச் சொல்லியிருந்தா உனக்கு வேலை இருந்திருக்கும்."

"உனக்குப் போயிருக்கும்."

"போகட்டும். தப்பு செஞ்சது நான்தானே. கடுதாசி எழுதி வெச்சிருக்கேன், என் போன்லயே இருக்கு. இப்பவே அனுப்பறேன். எல்லாம் தெரிஞ்சா உன்ன திரும்ப எடுத்துக்குவாங்க."

போனை எடுத்துக் கடிதத்தைத் திறந்து அவள் முன்னால் நீட்டினேன். அவள் அதை வாங்கி, இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள். மேலே இருந்த தேதியையும் பார்த்தாள்.

"நல்லா எழுதியிருக்கே" என்றாள். "ஒன்றரை மாசத்துக்கு முன்னாடியே எழுதியிருக்கே."

போனைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன், அவள் கொடுக்கவில்லை.

"அப்ப அனுப்பியிருந்தா ஒரு பிரயோஜனம் இருந்துச்சு. இப்ப அனுப்பினா உனக்கு மனசு லேசாகும். எனக்கு என்ன ஆகும்? மூணு தடவ யாரும் சொல்லலன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். பொய் சொன்னவள திரும்ப எடுத்துக்குவாங்களா? உனக்கும் போயிடும், எனக்கும் வராது. மாமாவுக்கு அடுத்த மாச மருந்த யாரு வாங்குவா?"

"அக்கா..."

"உன்மேல உள்ள பாசத்துல சொல்லலேன்னு நெனச்சுக்காத. ஏதாவது ஒரு சம்பளம் இந்த வீட்டுக்கு வேணும்டா. எது நிக்கும்னு பாத்தேன், உன்னுது நிக்கும்னு தோணுச்சு. கேவலமாத்தான் இருக்கு. ஆனா வேணும்."

அவள் குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால், அடித்திருந்தால்கூட, எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். போனை என் கையில் திரும்ப வைத்தாள்.

"அழிச்சிடு. இங்கயே, நான் பாக்க அழி."

அழித்தேன். நிச்சயமாக அழிக்க வேண்டுமா என்று போன் ஒரு முறை கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். அவள் திரும்பி, அடுத்த விளம்பரத்தைத் திறந்து, அதில் கேட்டிருந்த தகுதிகளை மெல்லப் படிக்கத் தொடங்கினாள்.